நடந்தவர்கள் இட்ட பெயர்கள்

பழந்தமிழ் இலக்கிய வகைகளுள் ஆற்றுப்படை நடப்பவர்களுக்கு உரியது. பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன் ஒருவன், வறுமையோடு எதிரே வரும் இன்னொரு பாணனை நிறுத்தி, எந்த வழியாற் போகவேண்டும், வழியில் எங்கே தங்கலாம், எவரிடம் உணவு கிடைக்கும் என்றெல்லாம் சொல்லி அனுப்புகிறான். பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் இவ்வகையைச் சேர்ந்தவை. நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையை எடுத்துக்கொள்வோம். கடற்கரை ஊராகிய எயிற்பட்டினத்தில் பரதவர் தரும் சுட்ட குழல்மீன், வேலூரில் எயினர் குடியிருப்பிலே புளிங்கறியோடு சோறு, ஆமூரில் உழவர் மனையிலே வெண்சோறும் நண்டுக் கறியும் என்று வழிநெடுகச் சொல்லப்படுகின்றன. நல்லியக்கோடனின் புகழைப் பாட எழுந்த நூல்தான் அது. எனினும் பசித்து நடப்பவனுக்கு அதிலே முதலிற் கிடைப்பது வழிச் செய்தி.

ஆற்றுப்படை பற்றி வகுப்பறையிற் பேசும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி எழுவதுண்டு. மன்னார்க் கரையிலும் நூற்றாண்டுக் கணக்காக மக்கள் நாட்கணக்கில் நடந்த பாதைகள் இருக்கின்றன. அவற்றில் நடந்தவர்களுக்கு வழி சொன்னவர் யார்? அந்தச் சொற்கள் எங்கே?

முதலில் பாதைகளை நினைவுபடுத்திக்கொள்வோம். வடக்கே பூநகரியிலிருந்து பல்லவராயன்கட்டு, முழங்காவில், வெள்ளாங்குளம், இலுப்பைக்கடவை, விடத்தல்தீவு என்று கடலை ஒட்டி ஒரு பாதை இறங்கி வருகிறது. தெற்கே வங்காலை, அரிப்பு, சிலாவத்துறை, கொண்டச்சி, மறிச்சுக்கட்டி என்று புத்தளத்தை நோக்கி இன்னொன்று போகிறது. மேற்கே தலைமன்னாரிலிருந்து பேசாலை வழியாகத் தீவின் நீளத்தைக் கடந்து, கடல்வழிப் பாலத்தால் பெருநிலத்தை அடைவது மூன்றாவது. மூன்றும் கூடுமிடம் மாந்தை. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரம் நிற்பது அங்கேதான். 1980களின் முற்பகுதியில் ஜோன் காஸ்வெல் தலைமையில் நடந்த அகழாய்வில் சீன மட்பாண்டங்களும் மேற்காசிய மட்பாண்டங்களும் அங்கு கிடைத்தன. கப்பல்கள் கொண்டுவந்த பொருள் உள்நாட்டுக்குப் போனதும், உள்நாட்டுப் பொருள் கப்பலுக்கு வந்ததும் மாட்டின் முதுகிலும் மனிதன் தலையிலுந்தான்.

இக்கரையைப் பற்றிய பழைய பயணக் குறிப்புகளைப் புரட்டினால் ஒரு செய்தி தெளிவாகும். எழுதியவர்களிற் பெரும்பாலோர் நடந்தவர்கள் அல்லர்.

மொறோக்கோ நாட்டு யாத்திரிகர் இபுனு பதூதா 1344ஆம் ஆண்டில் புத்தளக் கரையில் வந்திறங்கினார். ஆரியச் சக்கரவர்த்தி அவரை வரவேற்று, பாவாத மலைக்குப் போக ஒழுங்கு செய்து கொடுத்தார். பதூதாவுக்கு ஒரு பல்லக்கு. உடன் சென்றவர்கள் நான்கு யோகிகள், மூன்று பிராமணர், அரசனின் பரிவாரத்தினர் பத்துப்பேர், உணவுப் பொருள் சுமக்கப் பதினைந்து பேர். எண்ணிக்கையை இவ்வளவு நுணுக்கமாகச் சொன்னவர், பல்லக்கைத் தோளிற் சுமந்தவர்களில் ஒருவர் பெயரையேனும் சொல்லவில்லை.

அதற்கு நானூற்று ஐம்பத்தாறு ஆண்டுகளின் பின், 1800இல், பிரித்தானியத் தேசாதிபதி பிரெடெரிக் நோத் இலங்கையைச் சுற்றிவந்தார். உடன் சென்ற பாதிரியார் ஜேம்ஸ் கோர்டினர் 1807இல் வெளியிட்ட நூலில் அப்பயணத்தை விரிவாக எழுதியிருக்கிறார். பல்லக்குச் சுமந்தோர் 160 பேர். மூட்டை சுமந்தோர் 400 பேர். இவர்களோடு 2 யானைகளும் 6 குதிரைகளும் போயின. இதே நோத் தான் முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்வதற்காக அரிப்புக் கடலோரத்திலே ஒரு மாளிகையைக் கட்டினார். அது இன்று கடல் அரிப்பினால் இடிந்து சுவர்த் துண்டங்களாக நிற்கிறது. கட்டியவர் பெயரை யாவரும் அறிவர். சுமந்த 560 பேரும் வெறும் எண்ணிக்கையாகவே மிஞ்சினர்.

நடந்தவர்களுள் எழுதியவர் ஒருவர் உண்டு. கண்டி அரசனிடம் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கைதியாக இருந்த ஆங்கில மாலுமி றொபேட் நொக்ஸ், தோழர் ஒருவருடன் தப்பி, அருவியாற்றின் போக்கைப் பின்பற்றிக் காட்டு வழியே நடந்து, 1679 ஒக்டோபரில் அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை வந்தடைந்தார். அவர் எழுதிய நூல் 1681இல் இலண்டனில் வெளிவந்தது. ஊர்களின் ஊடாகப் போனால் பிடிபடுவோம் என்ற அச்சம் அவருக்கு. ஆகவே ஊராரை விட்டு ஆற்றையே வழிகாட்டியாகக் கொண்டார். நீரைப் பின்பற்றினால் கடலை அடையலாம் என்பது அவர் கணக்கு.

நீர் என்பதுதான் இங்கே முக்கியமான சொல். மன்னார் வறண்ட நிலம். மழை பெரும்பாலும் ஒக்டோபர் முதல் சனவரி வரைதான். மற்றைய மாதங்களில் இக்கரையிலே நடப்பவன் முதலிற் கேட்பது நிழலை, அடுத்துக் கேட்பது நன்னீரை. கடல் பக்கத்திலேயே கிடக்கும். குடிக்க ஒரு மிடறு தண்ணீர் இராது. இதை மனத்திற் கொண்டு எங்கள் பக்கத்து ஊர்ப்பெயர்களைப் படித்துப் பாருங்கள்.

நான் இருக்கும் ஊர் பெரியமடு. மடு என்றால் ஆழமான நீர்நிலை. விடத்தல்தீவுக்கு அண்மையில் பெருந்தெருவை விட்டு எங்கள் ஊருக்குத் திரும்பும் சந்தி பள்ளமடு. தெற்கே மாதாவின் திருத்தலம் அமைந்த இடம் மருதமடு. மருத மரம் நீர்க்கரையிலே வளர்வது. ஆகவே பெயரின் இரு பாதிகளும் ஒரே செய்தியைத் தான் சொல்கின்றன. மோட்டை என்பது வன்னி வழக்கில் சிறு குளம். பாப்பாமோட்டை, ஆத்திமோட்டை என்ற பெயர்கள் அதனால் வந்தவை. வெள்ளாங்குளம், ஆண்டாங்குளம், உயிலங்குளம் என்பவற்றுக்கு விளக்கம் வேண்டியதில்லை.

நீருக்கு அடுத்தது மரம். இலுப்பைக்கடவை என்பதில் கடவை என்றால் கடந்துசெல்லும் இடம். இலுப்பை நின்ற கடவை. விடத்தல் முள்மரம் நின்றது விடத்தல்தீவு. கள்ளியடி, ஆத்திமோட்டை, ஈச்சளவக்கை முதலிய பெயர்களிலும் மரஞ்செடிகளே முன்னிற்கின்றன. தீவுக்குள் சென்றால் சொற்கள் மாறும். எருக்கலம்பிட்டியில் வரும் பிட்டி மணல்மேடு. தாழ்வுபாட்டில் வரும் பாடு கரைவலை இழுக்கும் கடற்கரைப் பகுதி. சிலாவத்துறையில் வரும் சிலாபம் முத்துக்குளிப்பைக் குறிக்கும் பழைய சொல்.

இப்பெயர்களை அரசரோ அதிகாரியோ சூட்டியதாகத் தெரியவில்லை. அரசர் பெயர் சூட்டினால் அதிற் புரமும் நல்லூரும் மங்கலமும் வரும். நீர் எங்கே, மரம் எங்கே, மணல் எங்கே, கடக்கும் இடம் எங்கே என்று பெயரிலேயே சொல்லி வைத்தவர்கள் நடந்தவர்களும் அவ்விடங்களிற் குடியிருந்தவர்களுமே. நான் தேடிய ஆற்றுப்படை ஏட்டில் எழுதப்படவில்லை. ஊர்களின் பெயராக நிலத்திலே கிடக்கிறது என்பதுதான் நான் கண்ட விடை.

இந்த ஆற்றுப்படையின் துணையோடு மிகப் பெருந்தொகையினர் நடந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில். மலைநாட்டில் கோப்பித் தோட்டங்கள் 1820களில் தொடங்கின, 1840களிற் பெருகின. தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களிலிருந்து தோணிகளில் வந்தவர்கள் தலைமன்னார், பேசாலை, அரிப்பு முதலிய கரைகளில் இறங்கினர். அங்கிருந்து மடுப் பக்கமாக மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை என்று மாத்தளை வரை கால்நடையாகச் சென்றனர். இன்றைய வீதிக் கணக்கில் அது இருநூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரம். கோப்பிப் பழம் பறிக்கும் காலம் ஆண்டின் பிற்பகுதி; அதற்கு முன்னதாகத் தோட்டம் போய்ச் சேரவேண்டும். ஆகவே பலர் நடந்த காலம் மன்னாரின் கடுங்கோடையாக அமைந்தது.

தமிழாசிரியன் என்ற முறையில் ஒன்றை எண்ணிப் பார்க்கிறேன். இராமநாதபுரத்திலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ வந்த ஒருவனுக்கு மன்னார் புது நிலம். ஆயினும் பெயர்கள் அவன் தாய்மொழியில் இருந்தன. ‘அடுத்தது எந்த ஊர்?’ என்று கேட்டு, ‘உயிலங்குளம்’ என்று விடை வந்தால், அங்கே நீர் இருக்கும் என்று அவன் ஊகித்திருப்பான். மதவாச்சியைத் தாண்டியதும் அந்த வசதி போயிற்று. அங்கும் ஊர்ப்பெயர்கள் நீரைத்தான் சொல்லின. வெவ என்று முடியும் பெயர்கள் எத்தனையோ. வெவ என்றால் சிங்களத்திலே குளம் என்பது அவனுக்கு யார் சொல்லுவார்? வழி சொல்லும் மொழி பாதி வழியிலே அவனுக்கு விளங்காமற் போயிற்று.

பெயர் சொன்ன நீரும் அவனைக் காக்கவில்லை என்பது இதனினும் கொடியது. கோடையில் மடுவிலும் மோட்டையிலும் மிஞ்சியிருந்தது கலங்கல் நீர். முன்னே போன கூட்டம் குளித்து, குடித்து, அருகிலேயே தங்கிப் போன நீரைப் பின்னே வந்த கூட்டம் குடித்தது. வாந்திபேதி அப்படித்தான் பாதை நெடுகப் பரவியது. அந்நோய் நீரினாற் பரவுவது என்பதை இலண்டனிலே மருத்துவர் ஜோன் ஸ்நோ ஒரு தெருக் குழாயைக் காட்டி நிறுவ முயன்றது 1854இல். அதற்கு முன்பே எங்கள் பாதையோரத்தில் ஆயிரக்கணக்கானோர் இறந்துவிட்டிருந்தனர். 1840களில் இறந்த தொழிலாளர் தொகை 70,000 அளவில் இருக்கும் என்று 1849இல் கொழும்பு ஒப்சேவர் பத்திரிகை மதிப்பிட்டது. அந்த எண் கூடுதலானது என்று வாதிட்டவர்கள் உண்டு. பாதியாகக் குறைத்தாலும் அது ஒரு தனி மனிதக் கூட்டம். அவர்களுக்குக் கல்லறையும் இல்லை, பெயர்ப் பட்டியலும் இல்லை.

1914இல் பாம்பன் பாலமும் தலைமன்னார்ப் புகையிரதப் பாதையும் திறக்கப்பட்டபின் இந்தக் கரையிலே நடக்கவேண்டிய தேவை இல்லாமற் போயிற்று. நடந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகளிற் பலர், 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கையின்படி, அதே தலைமன்னாருக்குப் புகையிரதத்தில் வந்து கப்பலேறிப் போயினர். தொழிலாளரைத் தடுத்து வைத்துச் சோதித்து இலங்கைக்கு அனுப்பிய மண்டபம் முகாம், 1983இன் பின் இலங்கையிலிருந்து ஓடிய அகதிகளுக்கு இடமாயிற்று.

மலையகத் தமிழரின் 200 ஆண்டு நிறைவையொட்டி 2023இல் ஒரு நடைபயணம் ஒழுங்கு செய்யப்பட்டது. ஜூலை 28இல் தலைமன்னாரிலே தொடங்கி ஓகஸ்ட் 12இல் மாத்தளையில் முடிந்தது. முன்னோர் நடந்த வழியிலேயே நடப்பது நோக்கம். அதன் முதற் சில நாட்களில் நானும் ஆசிரிய நண்பர் சிலரும் கூட நடந்தோம்.

பாதை அழகானது, அதை மறுப்பதற்கில்லை. சோளகக் காற்றில் பனைகள் ஒரே திசையிற் சாய்ந்து இரைந்துகொண்டிருக்கும். இடையிடையே கழுதைகள் நடுத் தெருவில் நிற்கும். பேசாலையில் கருவாட்டு மணம். மன்னார் நகரை நெருங்கினால், அரபு வணிகர் கொண்டுவந்து நட்டதாகச் சொல்லப்படும் பெருக்கமரம் பானை போன்ற அடியோடு நிற்கும். நகரைத் தாண்டிக் கடல்வழிப் பாலத்தில் ஏறினால் இரண்டு பக்கமும் ஆழமற்ற நீர். மாரியில் வந்தால் வங்காலைப் பக்கம் பூநாரைக் கூட்டம் காணலாம். மோட்டார் வண்டியில் ஐந்து நிமிடத்திற் கடக்கிற இடம் அது. நடந்தால் முகத்தில் உப்புப் படிய நெடுநேரம் செல்லும். அந்நேரம் முழுவதும் கண்ணுக்கு அழகு தெரிந்துகொண்டே இருக்கும்; நாக்கு வரண்டுகொண்டே இருக்கும்.

என் பக்கத்தில் நடந்த மலையகத்து அம்மா ஒருவர், ‘இவ்வளவு தண்ணிக்கு நடுவில தாகத்தோட போயிருக்காங்களே, சேர்’ என்றார். எனக்கு மறுமொழி வரவில்லை. ஆனால் அன்று எங்களுக்குத் தாகம் நீடிக்கவில்லை. வழிநெடுகத் தேவாலயத்தாரும் கோயிலாரும் பள்ளிவாசலாரும் நீருடன் நின்றார்கள். அக்காலத்தில் நோய்க்கு அஞ்சி வழியோரத்தவர் இந்த மக்களை விட்டு ஒதுங்கி நின்றதையும் நினைத்தேன்.

நடந்தவர்கள் கதை இத்துடன் முடியவில்லை. எங்கள் ஊருக்கே உரிய ஒரு நடையும் இருக்கிறது. 1990 ஒக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். ஏறத்தாழ 75,000 பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. எருக்கலம்பிட்டி முதலிய தீவுப்பகுதி மக்கள் வள்ளங்களிலே கற்பிட்டிக்குப் போனார்கள். முசலிப் பகுதியினர் பலர் மறிச்சுக்கட்டி வழியாகக் காட்டுப் பாதையிற் புத்தளம் நோக்கி நடந்தார்கள். விடத்தல்தீவு, பெரியமடு மக்கள் கைக்குழந்தைகளோடும் முதியோரோடும் வவுனியாப் பக்கமாக நடந்தார்கள். பின்னர் 2008இல் போர் இப்பகுதியைக் கடந்தபோது, எஞ்சியிருந்த தமிழ் மக்கள் அதே கரைப்பாதையால் வடக்கே நகர்ந்து கிளிநொச்சிக்கும், அங்கிருந்து முள்ளிவாய்க்காலுக்கும் போனார்கள். ஒரு பாதையில் ஒருவர் தெற்கே நடக்க, பதினெட்டு ஆண்டு கழித்து மற்றவர் வடக்கே நடந்தனர். இரண்டும் மன்னார் வரலாறு. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைத்தால் அது வரலாறாகாது.

2009இன் பின் மக்கள் திரும்பத் தொடங்கினர். காணிகளிற் காடு வளர்ந்திருந்தது. திரும்பி வந்தவர்களில் இளையோர் புத்தளத்திலே பிறந்து வளர்ந்தவர்கள். பெரியமடு என்ற பெயர் அவர்களுக்குத் தெரியும்; பெரியமடுவுக்குள் இருக்கும் பெயர்கள் தெரியா. ஒருமுறை மாணவர் சிலரிடம், வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு ஊரைச் சுற்றியுள்ள நீர்நிலைகளின் பெயர்களை எழுதிவரச் சொன்னேன். ஒரு மாணவன் கொப்பியோடு தன் மூத்தவாப்பாவையும் அழைத்து வந்துவிட்டான். ‘சேர், இவன் கேக்கிற பேரெல்லாம் எனக்குத் தெரியும். ஆனா இடத்தைக் காட்டினாத்தான் வாயில வரும்’ என்றார் அந்தப் பெரியவர். அவருடன் நடந்தோம். ஒவ்வொரு மேட்டிலும் பள்ளத்திலும் நின்று ஒவ்வொரு பெயராகச் சொன்னார். நில அளவைப் படத்தில் இல்லாத பெயர்கள் பல அவற்றுள் இருந்தன. ஓரிடத்தில் நெடுநேரம் நின்றார். ‘இதுக்கும் ஒரு பேர் இருந்தது’ என்றார். அந்தப் பெயர் அன்று அவர் நினைவுக்கு வரவில்லை.

கற்கவேண்டிய செய்தி அங்கேதான் இருக்கிறது. ஊர்ப்பெயர்கள் கல்வெட்டைப்போல நிலைத்து நிற்பன அல்ல. நடக்கும் காலும் சொல்லும் வாயும் உள்ளவரைதான் அவை உயிரோடிருக்கும். இருபது ஆண்டு ஒரு பாதையில் அதன் மக்கள் நடக்காவிட்டால், பெரிய ஊர்களின் பெயர் எஞ்சும். இடையில் இருந்த மோட்டையும் கேணியும் கடவையும் பெயரிழந்து போகும். பெருந்தெருக்களை இப்போது ஏ-14, ஏ-32 என்று எண்களால் அழைக்கிறோம். வண்டியில் போகிறவனுக்கு எண் போதும். அடுத்த நீர்நிலை எங்கே என்று அவன் கேட்பதில்லை.

நேயர்களுக்கும் வாசகர்களுக்கும், குறிப்பாகச் சக ஆசிரியர்களுக்கும் நான் வைக்கும் வேண்டுகோள் ஒன்றுதான். உங்கள் ஊரிலே நடந்து பழகிய முதியவர் ஒருவரையும் மாணவர் நால்வரையும் அழைத்துக்கொண்டு காலை வேளையில் புறப்படுங்கள். பெயர் கேளுங்கள்; அவர் சொன்னவாறே எழுதுங்கள். மன்னாரில் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் கத்தோலிக்கரிடமும் சைவரிடமும் கேட்டால், ஒரே மடுவுக்கு இரண்டு பெயர் கிடைத்தாலும் கிடைக்கலாம். இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். மதவாச்சிக்கு அப்பால் உள்ள ஊர்ப்பெயர்களின் பொருளையும் சிங்கள நண்பரிடம் கேட்டு அதே கொப்பியில் எழுதுங்கள். முன்னர் அவ்வழி நடந்தவர்களுக்கு அதைச் சொல்ல ஆளில்லாமற் போயிற்று.

பெரியவர் மறந்த பெயரை நாங்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம். புத்தளத்தில் அவருடைய தமக்கை இருக்கிறாராம். பள்ளி விடுமுறையில் அந்த மாணவன் அங்கே போகிறான், கொப்பியைக் கொடுத்திருக்கிறேன்.